துருவை என்ன செய்வது?

பழைய, துருப்பிடித்த ஒரு பிக்கப் டிரக்கை முழுக்கக் கழற்றி, வெறும் சேசிஸ் மட்டும் மிஞ்சுகிற நிலைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ஒவ்வொன்றாகத் திரும்பக் கட்டுவது அமெரிக்காவில் ஒரு பெரிய ஈடுபாடு. சிலருக்கு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு, சிலருக்கு வியாபாரம், சிலருக்கு வாழ்க்கையே அதுதான். இந்தச் சமாச்சாரத்துக்கு நம் பக்கங்களில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 'மூலம்', 'அசல்', 'தூய்மை', 'மீட்டெடுப்பு' என்கிற சொற்களை நாம் பண்பாடு, மொழி, மதம் பற்றிய சண்டைகளில் ஓயாமல் புழங்குகிறோம். அங்கே இந்தச் சொற்கள் காற்றில் நிற்கின்றன. யாரும் எடைபோட்டுப் பார்ப்பதில்லை. பட்டறையில் அப்படி விட முடியாது. இரும்பிலும் பொய் சொல்லலாம், மேலே பட்டி பூசி பெயிண்ட் அடித்தால் போதும். ஆனால் பாரம் தாங்க வேண்டிய இடத்தில் சொன்ன பொய், பாரம் ஏறுகிற அன்றைக்கு முறிந்துவிடும். ஆகவே அந்த வேலையைக் கொஞ்சம் விவரமாகப் பார்க்கலாம்.

1

எடுத்துக்கொள்ளும் வண்டி செவர்லே 3100. 1947 கோடையிலிருந்து 1955 தொடக்கம் வரை ஜெனரல் மோட்டார்ஸ் செய்து விற்ற அரை டன் பிக்கப். உருண்டையான கேபின், படுக்கை வாட்டில் ஐந்து கம்பிகள் போட்ட முகப்பு, தகரமும் பலகையுமாகப் பின்பக்கத் தொட்டி. 'பழைய அமெரிக்க டிரக்' என்று சினிமாவிலும் விளம்பரத்திலும் நாம் பார்ப்பது பெரும்பாலும் இதுவோ, 1948இல் வந்த ஃபோர்டு எஃப்-1ஓதான்.

தொழிற்சாலையிலேயே பிக்கப்பாகச் செய்து விற்கப்பட்ட முதல் ஃபோர்டு 1925இல் வந்தது. விலை 281 டாலர். அதற்கு முன்னாலேயே விவசாயிகள் காரின் பின்பக்கத்தை அறுத்துவிட்டு மரத்தொட்டி கட்டி ஓட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். ஸ்டைன்பெக்கின் 1939 நாவலில் நிலம் பறிபோன ஜோட் குடும்பம் கலிபோர்னியாவுக்குப் போகிற வண்டியும் அப்படித்தான்: ஒரு ஹட்சன் காரை வெட்டி டிரக் ஆக்கியது. அதாவது பிக்கப் என்கிற வடிவத்துக்கு ஆதியில் ஒரு 'தூய மூலம்' கிடையாது. இருந்ததை வெட்டி, இல்லாததை ஒட்டி, தேவைக்குத் தக்கபடி பண்ணிக்கொண்டதைக் கம்பெனி பின்னால் வந்து தன் சரக்காக ஆக்கிக்கொண்டது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

2

முதல் வேலை கழற்றுவது. இதை ஆத்திரத்தோடு செய்பவன் கெட்டான். ஒவ்வொரு உறுப்பையும் கழற்றுவதற்கு முன்னால் படம் எடுக்க வேண்டும். எந்த போல்ட் எந்தத் துளையிலிருந்து வந்தது, வாஷர் முன்னால் இருந்ததா பின்னால் இருந்ததா, கேபினுக்கும் சேசிஸுக்கும் நடுவே எத்தனை மெல்லிய தகடுகள் செருகியிருந்தன, எல்லாவற்றையும் எழுதிப் பையில் போட்டுச் சீட்டுக் கட்ட வேண்டும். எழுபது வருஷம் உறைந்துபோன நட்டு ஸ்பேனருக்கு அசையாது. எண்ணெய் விட்டு இரண்டு நாள் ஊறவைத்து, தீயில் காட்டி, மறுபடி எண்ணெய் விட்டுத்தான் நகர்த்த வேண்டும். அதற்கும் மசியாததை அறுத்துத்தான் எடுக்கணும்.

தொட்டி, முன் மட்கார்டுகள், கேபின், இஞ்சின், கியர்பாக்ஸ், கடைசியாக ஆக்ஸில்களும் ஸ்பிரிங் பட்டைகளும் போன பின் மிஞ்சுவது ஏணி மாதிரி இருக்கிற ஒரு இரும்புச் சட்டம்: நீளவாக்கில் இரண்டு தண்டுகள், குறுக்கே சில தண்டுகள், ரிவெட் அடித்துச் சேர்த்தது. இப்போது மூலைக்கு மூலை குறுக்காக அளந்து பார்க்க வேண்டும். இரண்டு மூலைவிட்டமும் ஒன்றாக இருந்தால் சட்டம் நேர். இல்லையென்றால் எப்போதோ ஒரு விபத்திலோ, அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றியதிலோ கோணிப்போயிருக்கிறது. கோணலைச் சரிசெய்யாமல் மேலே எதைப் பூட்டினாலும் கதவு சாத்தாது, வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

நம் விமர்சனத்தில் கட்டுடைப்பு என்ற சொல் வந்த நாளாக அதை 'உடைப்பு' என்றே வாசித்துப் பழகிவிட்டோம். கழற்றுவது வேறு, உடைப்பது வேறு. கழற்றுகிறவன் ஒவ்வொரு உறுப்பும் எதனோடு பூட்டியிருந்தது, எதன் பாரத்தை எது தாங்கியது என்று தெரிந்துகொள்கிறான். உடைக்கிறவனுக்குக் கடைசியில் கையில் இருப்பது காயலான் கடைக்குப் போகிற குவியல்.

3

அடுத்தது துரு. இரும்பு, ஆக்சிஜன், தண்ணீர் மூன்றும் சேர்ந்தால் துரு. உப்பு சேர்ந்தால் வேகம் கூடும். அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களில் பனிக்காலத்தில் சாலையில் உப்பைக் கொட்டுவதால் அங்கத்திய வண்டிகள் கீழிருந்து அரித்துப்போகின்றன. அரிசோனா போன்ற வறண்ட மாநிலத்து வண்டி வெயிலில் வெளுத்து நிற்கும், இரும்பு கெட்டியாக இருக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் அடைப்பது. இரண்டு தகடுகள் ஒட்டியிருக்கிற இடுக்கில் அது வளர்ந்தால் தகடுகளையே பிளந்து விரிக்கும். இந்த வண்டியில் முதலில் போகிற இடங்கள் தெரிந்தவைதான்: கேபினின் பின் கீழ் மூலைகள், படிக்கட்டுத் தகட்டை ஒட்டிய பகுதி, கால் வைக்கிற தரை, கேபினைச் சேசிஸோடு பூட்டுகிற தாங்கிகள். எங்கெல்லாம் தண்ணீர் வந்து வெளியேற வழியில்லாமல் நிற்கிறதோ அங்கெல்லாம்.

துருவை எடுக்கப் பல வழி. சின்ன உறுப்பு என்றால் மின்பகுப்பு: பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், அதில் சலவைச் சோடா, பாட்டரி சார்ஜரின் எதிர்முனையைத் துருப்பிடித்த உறுப்பிலும், நேர்முனையை ஒரு உபயோகமற்ற இரும்புத் துண்டிலும் கொடுத்து ஒரு ராத்திரி விட்டால் துரு இளகிவிடும், நல்ல இரும்புக்குச் சேதமில்லை. நேர்முனையில் எவர்சில்வர் துண்டைப் போடவே கூடாது. அதிலிருந்து குரோமியத்தின் விஷமான வடிவம் தண்ணீரில் கலக்கும். வேலை நடக்கிறபோது ஹைட்ரஜன் கிளம்பும், ஆகவே திறந்த வெளியில் செய்ய வேண்டும், பக்கத்தில் பீடி கூடாது.

சேசிஸ் மாதிரிப் பெரிய உறுப்புக்கு, அழுத்தக் காற்றில் மணலையோ வேறு துகளையோ பீய்ச்சி அடிப்பதுதான் வழக்கம். இங்கே நின்று ஒரு விஷயம் பேச வேண்டும். சிலிக்கா மணலை இப்படி அடிக்கும்போது கிளம்புகிற நுண்தூசி நுரையீரலில் தங்கித் திசுவை இறுக்கிவிடும். சிலிகோசிஸ், குணமாகாத நோய். அமெரிக்க அரசின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1974லேயே இந்த வேலைக்குச் சிலிக்கா மணல் கூடாது என்று பரிந்துரைத்தது. பிரிட்டன் அதற்கும் கால் நூற்றாண்டுக்கு முன்பே தடை கொண்டுவந்துவிட்டது. அமெரிக்காவில் அந்தப் பரிந்துரை முழுத் தடையாக மாறவில்லை. பழைய பெயிண்டில் ஈயம், தகடுகளின் இணைப்பை நிரப்பிய இடத்தில் ஈயம், பிரேக் ஷூவில் கல்நார். பளபளக்கும் படங்களில் வருகிற 'முன்', 'பின்' இரண்டுக்கும் நடுவில் ஒரு தூசு மண்டலம் இருக்கிறது, அதற்குள் ஒரு ஆள் நிற்கிறான். அழகைப் பற்றிப் பேசுகிற எந்த எழுத்தும் அந்த ஆள் முகமூடி போட்டிருந்தானா என்பதையும் கேட்க வேண்டும்.

4

சுத்தமான சேசிஸில் விரிசல் பார்த்து, தளர்ந்த ரிவெட்டை மாற்றி, எபாக்ஸி பிரைமரும் கறுப்புப் பெயிண்டும் அடித்த பின் கட்டுகிற வேலை ஆரம்பம். ஸ்பிரிங் பட்டைகள், முன் ஆக்ஸில், கிங்பின், பிரேக் குழாய்கள், பின் இஞ்சின். இந்த வண்டியில் 1953 வரை வந்த 216 கன அங்குல ஆறு சிலிண்டர் இஞ்சின் ஒரு சுவாரஸ்யமான பழம்பொருள். கனெக்டிங் ராடுகளுக்கு எண்ணெய் பம்பிலிருந்து நேரடியாக அழுத்தத்தில் வராது. ராடின் அடியில் ஒரு சின்னக் கரண்டி மாதிரி இருக்கும். அது சுற்றும்போது தொட்டியிலிருந்து எண்ணெயை அள்ளிக்கொள்ளும். பேரிங்குகள் கடையில் வாங்கி மாற்றுகிற வகையல்ல. பேபிட் என்கிற மெதுவான உலோகக் கலவையை உருக்கி அதே இடத்தில் ஊற்றி, பிறகு கடைந்தெடுக்க வேண்டும். ஊற்றத் தெரிந்தவர்கள் இன்று சொற்பம். எனவே பலர் 216ஐத் தூக்கிப்போட்டுவிட்டு, 1954 முதல் இந்த டிரக்குகளில் வந்த 235ஐப் பூட்டிக்கொள்கிறார்கள். ஒரு கைத்தொழில் அழிந்தால் அந்தத் தொழிலை நம்பியிருந்த 'அசலும்' கூடவே அழிகிறது. மூலத்தை நேசிக்கிறவர்கள் இதை யோசிப்பதில்லை. பொருளை மட்டும் காப்பாற்ற முடியாது, அதைச் செய்யத் தெரிந்த கையையும் காப்பாற்ற வேண்டும்.

கேபினில் துருவேறிய மூலைகளை வெட்டுவதற்கு முன்னால் கதவு வாசலின் குறுக்கே இரும்புக் கம்பிகளைத் தற்காலிகமாக வெல்டு செய்து முட்டுக்கொடுக்க வேண்டும். இல்லையென்றால் கீழ்ப்பகுதி போனவுடன் கேபின் தொய்ந்து, புதுத் தகடு வைத்த பின் கதவு பொருந்தாது. கெட்டதை வெட்டி எடுக்கும்போதும் வடிவம் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். ஒட்டுத் தகட்டை ஒரே இழுப்பில் வெல்டு செய்தால் சூட்டில் நெளிந்துவிடும். இங்கே ஒரு புள்ளி, ஒரு சாண் தள்ளி ஒரு புள்ளி, ஆறவிட்டு மறுபடி ஒரு புள்ளி. பெயிண்டுக்கு முன்னால் எல்லாத் தகடுகளையும் ஒருமுறை பூட்டிப் பார்த்து இடைவெளிகளைச் சரிசெய்து, திரும்பவும் கழற்றி, அப்புறம்தான் பெயிண்ட். இரண்டாம் முறை கழற்றச் சோம்பல்படுகிறவர்கள்தான் பட்டியை விரல் கனத்துக்கு அப்புகிறார்கள்.

5

இத்தனைக்கும் அப்புறம் ஒரு கேள்வி நிற்கிறது: எந்தக் காலத்துக்குத் திருப்புகிறோம்?

கட்டடங்களை முன்வைத்து ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டில் இது பெரிய விவாதம். பிரான்சின் வியோலே-லெ-துக், மீட்டெடுப்பது என்றால் ஒரு கட்டடத்தை எந்தக் காலத்திலும் இருந்திராத ஒரு முழுமைக்குக்கூடக் கொண்டுவருவதுதான் என்ற கருத்தைத் துணிந்து சொன்னார். இங்கிலாந்தின் ரஸ்கின் 1849இலேயே மீட்டெடுப்பைப் பச்சைப் பொய் என்று நிராகரித்திருந்தார். அவர் வழியில் வில்லியம் மாரிஸ் 1877இல் பழங்கட்டடங்களைப் பாதுகாக்கும் சங்கத்தைத் தொடங்கினார். 1964 வெனிஸ் சாசனம் ஒரு நடுவழி சொன்னது: விடுபட்ட பகுதியை நிரப்பலாம், முழுமையோடு அது ஒத்துப்போக வேண்டும், அதே சமயம் இது பிற்காலத்தது என்று அடையாளம் தெரியவும் வேண்டும். பழைய வாகனங்களுக்கென்றே 2012இல் ஏற்கப்பட்ட டூரின் சாசனமும், கூடுமானவரை இருப்பதைக் காப்பாற்று, மீட்டெடுப்பு கடைசி வழி என்கிற பக்கம்தான் சாய்கிறது.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. ஏட்டில் செல்லரித்த இடத்தில் புள்ளி வைத்துக் காட்டுகிற பதிப்பாசிரியரும் உண்டு, தானே ஒரு சீரை எழுதிச் செருகிவிட்டு மூச்சுக்காட்டாதவரும் உண்டு. முதலாமவர் வாசகனிடம் இடைவெளியை ஒப்படைக்கிறார். இரண்டாமவர் இடைவெளியைத் திருடிக்கொள்கிறார்.

செவர்லே 3100ல் இரண்டாவது வகைதான் அதிகம் நடக்கிறது. தொட்டியின் அடிப்பலகை தொழிற்சாலையில் பெயிண்ட் அடித்து வந்த சாதாரணப் பலகை. உரமூட்டையும் கருங்கல்லும் ஏற்றுவதற்கு அது போதும். இன்றைக்கு மீட்டெடுத்த வண்டிகளில் பார்த்தால் வார்னிஷ் ஏற்றி மெருகிட்ட ஓக் பலகை, நடுவே எவர்சில்வர் பட்டைகள். அதில் ஒரு கூடை உருளைக்கிழங்கு வைக்கக்கூட மனசு வராது. கொரியப் போர்க் காலத்தில் நிக்கல், தாமிரத்துக்குக் கட்டுப்பாடு வந்தபோது இந்த டிரக்குகளில் பளபளப்பு வேலைகள் குறைந்து, பெயிண்ட் அடித்த உறுப்புகளாக வந்தன. 1952ஆம் வருஷத்து வண்டிக்குக் குரோமியம் மின்ன மின்னப் பூசுகிறவன் அந்தப் போரையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறான். உழைக்கும் கருவியாகச் செய்யப்பட்டது, உழைப்பின் தடயம் எதுவும் இல்லாத நகையாகத் திரும்பி வருகிறது. வியோலே-லெ-துக் சொன்ன, என்றுமே இருந்திராத அந்த முழுமை இதுதான்.

எதிர்ப்பக்கமும் ஒன்று இருக்கிறது. துருவை அப்படியே விட்டு மேலே நிறமற்ற பூச்சு அடித்து, 'காலத்தின் மெருகு' என்று விற்பது. சிலர் புதுத் தகட்டில் அமிலம் தெளித்துத் துருவைச் செயற்கையாகவே உண்டாக்குகிறார்கள். உழைப்பைத் துடைப்பதும் அலங்காரம், உழைப்பின் வடுவை வேஷமாகப் போட்டுக்கொள்வதும் அலங்காரம். இரண்டிலும் உழைத்த ஆள் இல்லை.

அப்படியானால் மீட்டெடுப்பதே ஏமாற்று வேலையா? அப்படிச் சொல்லிவிட முடியாது. லாஸ் ஏஞ்சல்ஸின் கிழக்குப் பகுதியில் மெக்சிக வம்சாவளி மக்கள் இதே காலத்துப் பழைய செவர்லேக்களை எடுத்து, தாழ்த்தி, பழைய உபரி அலங்காரங்களையெல்லாம் தேடிப் பூட்டி, மெதுவாக ஊர்வலம் விட்டார்கள். வெள்ளை அமெரிக்கா வேகத்தைக் கொண்டாடியபோது இவர்கள் தாழ்வையும் நிதானத்தையும் கொண்டாடினார்கள். 1950களின் பிற்பகுதியில் கலிபோர்னியா அரசு வண்டியைக் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே தாழ்த்துவதைக் குற்றமாக்கியது. பின்னால் பல நகரங்கள் அந்த ஊர்வலங்களையும் தடை செய்தன. 2023இல் நிறைவேறிய சட்டம் வழியாக 2024 ஜனவரியில்தான் அந்தத் தடைகள் நீங்கின. ஒரே வண்டி, ஒரே இரும்பு. ஒரு கையில் ஏக்கம், இன்னொரு கையில் நாங்களும் இந்தத் தெருவில் இருக்கிறோம் என்கிற அறிவிப்பு. மூலத்துக்கு எவ்வளவு நெருக்கம் என்று அளந்து பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியாது. யார், யாரை எதிரே வைத்துக்கொண்டு மீட்கிறார்கள் என்று பார்த்தால்தான் தெரியும்.

6

இந்த டிரக்குகள் பூட்டப்பட்ட ஊர்களில் ஒன்று மிச்சிகனின் பிளின்ட். அதே ஊரில்தான் 1936 டிசம்பர் 30 முதல் 1937 பிப்ரவரி 11 வரை, 44 நாள், ஜெனரல் மோட்டார்ஸ் தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்து, தங்கள் சங்கத்தைக் கம்பெனி அங்கீகரிக்கும்படி செய்தார்கள். பிப்ரவரி 1 அன்று அவர்கள் கைப்பற்றிய செவர்லே 4ஆம் எண் ஆலை இஞ்சின்கள் செய்த ஆலை. நாம் மேலே பார்த்த 216 இஞ்சின் அறிமுகமானதும் அந்த 1937ஆம் வருஷ வண்டிகளில்தான். மீட்டெடுத்த டிரக்கைச் சுற்றிப் பேசப்படும் 'அசல்' பட்டியலில் போல்ட்டின் தலையில் இருக்கிற முத்திரைகூட வரும், இது வராது.

பிளின்டின் மக்கள்தொகை 1960இல் கிட்டத்தட்ட 1,97,000. 2020இல் 81,000 சொச்சம். ஆலைகள் போயின, ஊர் காலியானது. அந்த வட்டாரத்துக்கே 'துரு வளையம்' என்று பெயர் வைத்தார்கள், ஏதோ இயற்கையாக ஈரம் பட்டு வந்த துரு போல. 2014 ஏப்ரலில் செலவைக் குறைக்க நகரத்தின் குடிநீர் பிளின்ட் ஆற்றுக்கு மாற்றப்பட்டது. அரிப்பைத் தடுக்கிற மருந்து அதில் சேர்க்கப்படவில்லை. தண்ணீர் பழைய குழாய்களை அரித்து ஈயத்தை வீடுகளுக்குள் கொண்டுவந்தது. அதே வருஷம் அக்டோபரில் ஜெனரல் மோட்டார்ஸின் இஞ்சின் ஆலை, இந்தத் தண்ணீரில் இஞ்சின் உறுப்புகள் அரிக்கின்றன என்று சொல்லி வேறு தண்ணீருக்கு மாறிக்கொண்டது. பெரும்பான்மை கறுப்பின மக்களான ஊர்க்காரர்கள் அடுத்த அக்டோபர் வரை, முழுசாக இன்னும் ஒரு வருஷம், அந்தத் தண்ணீரைத்தான் குடித்தார்கள். இரும்புக்குக் கிடைத்த பாதுகாப்பு குழந்தைகளுக்குக் கிடைக்கவில்லை. துருவின் அரசியல் என்று ஒன்று இருந்தால் அதன் சுருக்கம் இந்த ஒரு வருஷம்தான்.

7

கடைசியாக, பழைய டிரக்கை ஏன் மீட்டெடுக்க முடிகிறது என்று யோசிக்க வேண்டும். அதைக் கழற்ற முடிகிறது, அதனால்தான். ஸ்பேனரும் பொறுமையும் இருந்தால் யாரும் திறக்கலாம். உறுப்புக்கு உறுப்பு என்ன செய்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். இன்றைய வண்டியும் டிராக்டரும் கம்பெனியின் மென்பொருள் பூட்டுக்குள் இருக்கின்றன. சென்சார் ஒன்று மாற்றினாலும் அதை ஏற்கச் சொல்ல கம்பெனியின் ஆள் வர வேண்டும். இதை எதிர்த்து எழுந்ததுதான் 'பழுதுபார்க்கும் உரிமை' இயக்கம். 2012இல் மாசசூசெட்ஸ் மாநிலம் வாகனங்களுக்கு இப்படி ஒரு சட்டம் கொண்டுவந்தது. 2023இல் கொலராடோ, விவசாய இயந்திரங்களுக்கான கருவிகளையும் கையேடுகளையும் மென்பொருளையும் விவசாயிகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று சட்டமாக்கியது. 2024இலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. தமிழில் 'சட்டம்' என்ற ஒரே சொல் இரண்டையும் குறிக்கிறது: எதன்மேல் எல்லாம் பூட்டியிருக்கிறதோ அந்தச் சட்டமும், யார் எதைத் திறக்கலாம் என்று சொல்கிற சட்டமும். இரண்டாவது கோணியிருந்தால் முதலாவதை எவ்வளவு நேராக்கியும் பயனில்லை.

ஆகவே 'மூலத்தை மீட்போம்' என்று யாராவது வந்து நிற்கும்போது, அது மொழியோ கோயிலோ தேசமோ எதுவானாலும், பட்டறைக்காரன் கேட்கிற கேள்விகளையே நாமும் கேட்கலாம். எந்த வருஷத்துக்குத் திருப்பப் போகிறாய்? எதை வெட்டி எறியப்போகிறாய், வெட்டுவதற்கு முன்னால் எதற்கு முட்டுக்கொடுத்திருக்கிறாய்? புதிதாக ஒட்டினதை ஒட்டு என்று காட்டுவாயா, பட்டி பூசி மறைப்பாயா? தூசு யார் நுரையீரலில் போகிறது? கட்டி முடித்தபின் அதில் பாரம் ஏற்ற முடியுமா, இல்லை பார்க்க மட்டுமா? அப்புறம், நாளைக்குப் பழுதானால் திறந்து பார்க்கிற உரிமை யாருக்கு?

இதற்கெல்லாம் பதில் சொல்ல முடிந்தவரோடு உட்கார்ந்து வேலை செய்யலாம். சொல்ல மறுக்கிறவர் கையில் இருப்பது பெயிண்ட் டப்பா மட்டும்தான்.